அரை கிரவுண்டு கிளப்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, காலைல ஆறு மணிக்கே எங்க கேரம் கிளப்பை காலி பண்ண ஆரம்பிச்சோம்.

கொடுங்கையூர்ல, கண்ணதாசன் நகர் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நடக்கிற தூரத்துல ஒரு தகரக் கொட்டாய். உள்ள நாலு போர்டு. ஒவ்வொரு போர்டுக்கும் மேல தொங்குற ஒரு பல்பு, அதுக்கு தகரத்துல அடிச்ச ஒரு தொப்பி. சுவத்துல வரிசையா கப்பு, போட்டோ. வாசல்ல ஒரு வேப்பமரம். இவ்வளவுதான் கிளப். ஆனா எனக்கு பத்து வயசுலேர்ந்து இருபத்தி எட்டு வயசு வரைக்கும் சாயங்காலம்னா அந்தக் கொட்டாய்தான். இன்ஜினியரிங் சேர்ந்தப்போ "கேரம் ஆடினா வேலை கிடைக்குமா"ன்னு அப்பா கத்தினதும், வேலை கிடைச்ச அன்னிக்கு நான் முதல்ல ஓடினதும் அதே கொட்டாய்க்குத்தான்.

இடத்துக்காரர் மேல எந்தக் குறையும் சொல்ல முடியாது. முப்பது வருஷமா வாடகைன்னு ஒண்ணும் பெருசா வாங்காம விட்டு வச்சிருந்தார். அவர் போன பிறகு பிள்ளைங்க பங்கு பிரிச்சாங்க, அபார்ட்மென்ட் கட்டப் போறாங்க. நியாயம்தான். மறுநாளே ஜேசிபி வருதுன்னு சொல்லிட்டாங்க. ஆபீஸ்ல சர்வர் மைக்ரேஷன் பண்ணும்போது ரோல்பேக் பிளான்னு ஒண்ணு வச்சிருப்போம். ஏதாவது சொதப்பினா பழைய இடத்துக்கே திரும்பிடலாம். இங்க அந்த வசதியெல்லாம் கிடையாது :)

போர்டை எல்லாம் மீன்பாடி வண்டியில ஏத்தி முடிச்சு டீ குடிச்சிட்டு இருந்தப்போ எங்க செக்ரட்டரி அண்ணன் கேட்டார்: "இன்னா தம்பி, எப்பப் பார்த்தாலும் சரித்திரம் சரித்திரம்னு படிக்கிறியே. உலகத்துல வேற எந்த கிளப்பாவது இந்த மாதிரி மூட்டை கட்டிகினு போயிருக்கா? இல்ல நமக்குதான் இந்தத் தலையெழுத்தா?"

நான் உடனே, "இன்னாண்ணே இப்படி கேட்டுட்டீங்க, விம்பிள்டனே அப்படித்தான். அது ஒரு குரோக்கே கிளப், ரெண்டு தடவை இடம் தேடி அலைஞ்சது"ன்னேன். அவர் நம்பல. "டென்னிஸ்காரன் கதைய எடுத்துகினு கேரம்காரன்கிட்ட வராத"ன்னுட்டார். அவருக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

*

முதல்ல குரோக்கேன்னா என்னன்னு சொல்லிடறேன். புல்தரையில சின்னச் சின்ன கம்பி வளைவுகளை நட்டு வச்சிருப்பாங்க. நீளமான கைப்பிடி போட்ட மரச்சுத்தியலால பந்தைத் தட்டி ஒவ்வொரு வளைவா நுழைச்சு வெளியே கொண்டு வரணும். எதிராளி பந்தை இடிச்சு ஓரம் கட்டலாம். யோசிச்சுப் பார்த்தா கேரமுக்கு தூரத்துச் சொந்தம் மாதிரிதான் இருக்கு. இங்க விரல், அங்க சுத்தியல். இங்க பாக்கெட், அங்க வளைவு. 1860களில் இங்கிலாந்துல இது பெரிய மோகம். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடலாம்ங்கிறது அதுக்கு ஒரு முக்கியமான காரணம்.

1868 ஜூலை 23 அன்னிக்கு லண்டன்ல 'தி ஃபீல்டு'ங்கிற பத்திரிகையோட ஆபீஸ்ல ஆறு பேர் கூடினாங்க. அந்தப் பத்திரிகையோட ஆசிரியர் வால்ஷும் அதுல ஒருத்தர். அன்னிக்கு ஆரம்பிச்சதுதான் ஆல் இங்கிலாந்து குரோக்கே கிளப். பேர் வச்சாச்சு, ஆட்டக்காரங்க இருக்காங்க, ஆட இடம் மட்டும் இல்லை. அங்க இங்க தேடி, அடுத்த வருஷம் விம்பிள்டன்ல வோர்ப்பிள் ரோடு பக்கம் 4 ஏக்கர் நிலத்தை வாடகைக்குப் பிடிச்சாங்க. முதல் வருஷ வாடகை 50 பவுண்டு.

இந்த இடத்துல நம்மூர் கணக்குக்கு வருவோம். சென்னையில 'கிரவுண்டு'ன்னா ரெண்டு அர்த்தம். ஒண்ணு விளையாடுற இடம். இன்னொண்ணு 2,400 சதுர அடி. அந்தக் கணக்குல 4 ஏக்கர்ங்கிறது 72 கிரவுண்டுக்கும் கொஞ்சம் மேல. எங்க கொட்டாய் இருந்த இடம் அரை கிரவுண்டு. இந்த அரையை ஞாபகம் வச்சுக்குங்க.

குரோக்கே மோகம் சீக்கிரமே இறங்க ஆரம்பிச்சது. 1875ல் ஒரு புல்தரையை புது ஆட்டமான லான் டென்னிஸுக்கு ஒதுக்கினாங்க. 1877ல் கிளப் பேர்லயே டென்னிஸ் சேர்ந்தது. அந்த வருஷமே முதல் டென்னிஸ் போட்டி. எதுக்குன்னு கேட்டா சிரிப்பீங்க. புல்தரையைச் சமன்படுத்துற உருளை ரிப்பேர் ஆகிக் கிடந்தது, அதைச் சரி பண்ணக் காசு வேணும். 22 பேர் கலந்துக்கிட்டாங்க, ஸ்பென்சர் கோர்ங்கிறவர் ஜெயிச்சார். உலகத்தோட மிகப் பெரிய டென்னிஸ் போட்டி ஒரு ரிப்பேர் செலவுல ஆரம்பிச்சது. எங்க கிளப்ல பல்பு வாங்க டோர்னமென்ட் வைக்கிறதை இனிமே யாரும் கேலி பண்ணக் கூடாது!

1882ல் குரோக்கேங்கிற வார்த்தையையே பேர்லேர்ந்து எடுத்துட்டாங்க. வீட்டைக் கட்டினவரையே வெளிய அனுப்பின மாதிரி. ஆனா மனசு கேக்கல போல, 1899ல் திரும்பச் சேர்த்தாங்க. இன்னிக்கு வரைக்கும் அந்த கிளப்போட முழுப்பேர் ஆல் இங்கிலாந்து லான் டென்னிஸ் அண்ட் குரோக்கே கிளப்தான்.

முதல் உலகப்போர் முடிஞ்சதும் கூட்டம் தாங்கல. பிரான்ஸ்லேர்ந்து வந்த சூசான் லாங்லெனைப் பார்க்கவே ஜனம் முண்டியடிச்சது. 4 ஏக்கர் போதல. 1922ல் சர்ச் ரோடுங்கிற இப்போதைய இடத்துக்கு மாறினாங்க. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்து திறந்து வச்சார். 'இவ்வளவு பெரிய இடம் எதுக்கு, இது வெள்ளை யானை'ன்னு பேசினவங்களும் உண்டு. போதாக்குறைக்கு அந்த வருஷப் போட்டி நடந்த அத்தனை நாளும் மழை.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. பழைய இடத்துல முக்கியமான கோர்ட் எல்லாத்துக்கும் நடுவுல இருந்தது, அதனால அதுக்கு 'சென்டர் கோர்ட்'னு பேர். புது இடத்துல அந்தக் கோர்ட் நடுவுலயே இல்லை. ஆனாலும் பேர் மட்டும் கூடவே வந்துடுச்சு. 1980ல் வடக்குப் பக்கம் புதுசா நாலு கோர்ட் போட்ட பிறகுதான் அது மறுபடியும் நடுவுல வந்தது. ஐம்பத்தெட்டு வருஷம் ஓரத்துல உக்காந்துகிட்டு 'நடு' கோர்ட்னு பேர் சொல்லிட்டு இருந்திருக்கு!

*

சரி, லண்டனை விடுங்க. நம்ம ஊருக்கு வருவோம்.

சென்னையில இதே மாதிரி இடம் மாறின பழைய கிளப் எதுன்னு தேடினா, முதல்ல வந்து நிக்கிறது மெட்ராஸ் கிரிக்கெட் கிளப். 1846ல் ஆரம்பிச்சது. அலெக்சாண்டர் அர்புத்நாட்ங்கிற சிவிலியன் அதிகாரிதான் முன்ன நின்னு நடத்தினவர். விம்பிள்டன் கிளப்பை விட 22 வருஷம் மூத்தது. முழுக்க முழுக்க வெள்ளைக்காரங்க கிளப். முதல்ல ஆடினது தீவுத்திடல்ல. பொருட்காட்சி நடக்குமே, அதே இடம்தான். 1865ல் சேப்பாக்கத்துல இடம் வேணும்னு அரசாங்கத்துக்கிட்ட கேட்டாங்க. கிடைச்சது. அடுத்த வருஷமே பெவிலியன் எழுந்துடுச்சு. இன்னிக்கு வரைக்கும் கிளப் அங்கதான் இருக்கு.

இதுவரைக்கும் எல்லாரும் எழுதியிருக்காங்க. எனக்கு உறுத்தின கேள்வி வேற. 1865ல் சேப்பாக்கத்துல, கடற்கரைக்குப் பக்கத்துல, அவ்வளவு பெரிய இடம் எப்படி சும்மா கிடந்தது?

சும்மா கிடக்கல. அது ஒருத்தரோட வீட்டு வளாகம். ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா 1768ல் சேப்பாக்கத்துல அரண்மனை கட்டிக்கிட்டார். கலஸ் மஹால், ஹுமாயூன் மஹால்னு ரெண்டு பகுதி, சுத்தி பெரிய வளாகம். கம்பெனிக்காரங்ககிட்ட வாங்கின கடன்ல நவாப் குடும்பம் மூழ்கினது தனிக்கதை. 1801ல் ஆட்சி மொத்தமும் கம்பெனி கைக்குப் போச்சு, நவாப்ங்கிறது வெறும் பட்டம் ஆச்சு. 1855ல் குலாம் கவுஸ் கான் வாரிசு இல்லாம இறந்ததும் பட்டமும் போச்சு. கடனுக்காக அரண்மனை ஏலத்துக்கு வந்தது. ஏலத்துல எடுத்தது வேற யாரும் இல்லை, அரசாங்கமேதான்.

அப்புறம் அந்த வளாகத்துல அரசு ஆபீஸ்கள் வந்தது. இன்ஜினியரிங் காலேஜும் அங்கதான் ரொம்ப வருஷம் இருந்து, 1920ல் கிண்டிக்கு மாறிச்சு. (நம்ம படிச்சது அந்தக் காலேஜ் இல்லீங்க, அவ்வளவு மார்க் எல்லாம் வரல.) வளாகத்துல ஒரு பக்கம் கிரிக்கெட் கிளப்புக்குப் போச்சு. நவாப் குடும்பம்? ஆற்காடு இளவரசர்ங்கிற புதுப்பட்டத்தோட கொஞ்ச காலம் திருவல்லிக்கேணியில இருந்துட்டு, 1876ல் ராயப்பேட்டை அமீர் மஹாலுக்குக் குடி போனாங்க. இன்னிக்கும் அங்கதான் இருக்காங்க.

அதாவது ஒரு கிளப் புது வீட்டுக்குக் குடி வர்றதுக்கு, இன்னொருத்தர் பழைய வீட்டைக் காலி பண்ணியிருக்கார்.

*

அடுத்த கதை இன்னும் கிட்ட வருது, நம்ம வடசென்னை பக்கம்.

சேப்பாக்கம் பெவிலியனுக்குள்ள இந்தியர்களுக்கு இடம் கிடையாது. ஆட வந்த இந்தியர்களும் மரத்தடியில உக்காந்துதான் மதியச் சாப்பாடு சாப்பிடணும். இதைப் பார்த்து மனசு நொந்தவர் புச்சிபாபு நாயுடு. 1888ல், அவருக்கு இருபது வயசு இருக்கும்போது, இந்தியர்களுக்குன்னு மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை ஆரம்பிச்சார். மைதானம் எஸ்பிளனேடு பகுதியில கிடைச்சது. இருபது வருஷம் கழிச்சு 1908ல் இந்தியர்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் சேப்பாக்கத்துல ஆட்டம் ஏற்பாடாச்சு. அதுக்கு அலையா அலைஞ்ச புச்சிபாபு, ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடி காலமாயிட்டார். ஆனா அந்த ஆட்டம் பொங்கலுக்குப் பொங்கல் நடக்குற பிரசிடென்சி மேட்சா வளர்ந்து 1952 வரைக்கும் ஓடிச்சு.

இங்கயும் அதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். கோட்டைக்கும் பாரிமுனைக்கும் நடுவுல, ஊரோட நெஞ்சுப் பகுதியில, எஸ்பிளனேடுன்னு ஒரு திறந்தவெளி எப்படி வந்தது?

பதில் தெரிஞ்சப்போ கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடல. அங்க ஒரு ஊரே இருந்தது. கோட்டையோட வடக்கு மதிலை ஒட்டி பழைய கறுப்பர் பட்டணம். நெசவாளிகள், துணி வியாபாரிகள், துபாஷிகள், கூலிக்காரங்கன்னு மெட்ராஸைக் கட்டியெழுப்பின ஜனம் குடியிருந்த இடம். 1746ல் பிரெஞ்சுக்காரங்க கோட்டையைப் பிடிச்சப்போ மதிலுக்கு ஒட்டின வீடுகளை இடிச்சாங்க. 1749ல் ஊர் இங்கிலீஷ்காரங்க கைக்குத் திரும்பி வந்தது. 1758 கடைசியில மறுபடியும் முற்றுகை. அதுக்கப்புறம் மிச்சமிருந்த வீடுகளையும் எடுத்துட்டாங்க. காரணம் எளிமையானது. எதிரி ஒளிஞ்சு வர வீடு இருக்கக் கூடாது, கோட்டையிலேர்ந்து பீரங்கி சுட்டா குண்டு தடையில்லாம போகணும்.

எது வரைக்கும் வீடு கட்டக் கூடாதுன்னு காட்டுறதுக்கு 1773ல் ஆறு எல்லைத் தூண் நட்டாங்க. அதுல ஒண்ணே ஒண்ணு இன்னும் பாரிமுனையில இருக்கு. பஸ்ஸுக்கு ஓடுற அவசரத்துல யாரும் பார்க்கிறதில்ல. நானே எத்தனையோ வருஷம் பார்க்காமதான் தாண்டிப் போயிருக்கேன்.

இடிபட்ட ஜனம் தூணுக்கு வடக்கே போனாங்க. முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை. புதுக் கறுப்பர் பட்டணம் உருவாச்சு. அதுக்கும் வடக்கே ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, கடைசியா எங்க கொடுங்கையூர். பீரங்கிக்காக வெறுமையாக்கின அந்த இடத்துலதான் பின்னாடி 1892ல் ஹைகோர்ட் கட்டிடம் திறந்தாங்க. கிரிக்கெட் மைதானமும் அந்த எஸ்பிளனேடு பகுதியிலதான் வந்தது. புச்சிபாபுவை நான் குறை சொல்லல. வெளிய நிக்க வச்சவனுக்கு எதிரா அவர் இடம் பிடிச்சது பெரிய விஷயம். ஆனா மைதானம்னு நாம பார்க்கிற புல்லுக்குக் கீழ யாரோட அடுப்படி இருந்ததுன்னு ஒரு தடவையாவது கேட்டுக்கணும்னு தோணுது.

*

இடம் மாறுறது கிளப் மட்டும் இல்லை, சில சமயம் ஆட்டமே கிளம்பிப் போயிடும்.

சேப்பாக்கத்துல 1934 பிப்ரவரியில முதல் டெஸ்ட் மேட்ச். அதே வருஷம் நவம்பர் 4ல் ரஞ்சி கோப்பையோட முதல் மேட்ச், மெட்ராஸும் மைசூரும். ஒரே நாள்ல முடிஞ்சது, ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட். 1952 பிப்ரவரியில இந்தியா முதன்முதலா ஒரு டெஸ்ட் ஜெயிச்சதும் இங்கதான். இத்தனை பெருமை இருந்தும், 1956 ஜனவரியில டெஸ்ட் கிரிக்கெட் சேப்பாக்கத்தை விட்டுட்டு சென்ட்ரலுக்குப் பக்கத்துல இருந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியத்துக்குப் போயிடுச்சு. வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் எடுத்தது அங்கதான். அந்த ரெக்கார்டு 2008 வரைக்கும் நின்னது. 1967 ஜனவரியில ஆட்டம் சேப்பாக்கத்துக்கே திரும்பி வந்துடுச்சு. கார்ப்பரேஷன் ஸ்டேடியம் பின்னாடி நேரு ஸ்டேடியமா மாறி ஃபுட்பால் பக்கம் போச்சு.

அப்புறம் ஸ்டேடியம் வளர வளர கிளப்போட பழைய பெவிலியன் போயிடுச்சு. 2011 உலகக்கோப்பைக்காகப் புதுசா கட்டின ஐ, ஜே, கே ஸ்டாண்டுகள் பல வருஷம் பூட்டியே கிடந்தது ஞாபகம் இருக்கா? டிவியில மேட்ச் பார்க்கும்போது அந்தப் பக்கம் மட்டும் காலியா தெரியும். பக்கத்துல இருந்த கிளப் கட்டிடத்துக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவுல விதிப்படி இருக்க வேண்டிய இடைவெளி இல்லைங்கிறதுதான் தகராறு. ஆயிரக்கணக்கான சீட்டை ஒரு கிளப்போட சுவர் நிறுத்தி வச்சது.

இதை நான் வேற மாதிரி பார்க்கிறேன். அரண்மனை போச்சு, வெள்ளைக்காரன் போனான், பெவிலியன் போச்சு, ஆட்டம் போய்த் திரும்பி வந்தது. கிளப் மட்டும் 1865லேர்ந்து அசையல. ஏன்னா அதுக்கிட்ட காகிதம் இருக்கு. கேட்டு வாங்கின அனுமதி இருக்கு, மினிட்ஸ் புக் இருக்கு, மெம்பர் லிஸ்ட் இருக்கு.

*

இப்போ எங்க ஏரியாவுக்கு வாங்க.

கொடுங்கையூர்னு சொன்னாலே எல்லாருக்கும் ஞாபகம் வர்றது குப்பை. காலேஜ்ல புதுசா ஒருத்தன்கிட்ட ஊர் பேர் சொன்னா, "ஓ, அந்த டம்ப்யார்டா"ம்பான். சென்னையோட பாதிக் குப்பை பல பத்து வருஷமா இங்கதான் வந்து விழுது. முன்னூறு ஏக்கருக்கும் மேல. நம்ம கணக்குல போட்டா அஞ்சாயிரம் கிரவுண்டைத் தாண்டும். குரோக்கே கிளப் மாதிரி எழுபத்தஞ்சு கிளப்புக்கு இடம் இருக்கு. அண்மையிலதான் பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கிற வேலை ஆரம்பிச்சிருக்கு. அதாவது எங்க ஊர்ல திறந்தவெளி இல்லாம இல்லை. திறந்தவெளியை நிரப்புறதுக்கு மத்தவங்க முந்திக்கிட்டாங்க.

இடம் இல்லாத ஊர் என்ன ஆட்டம் ஆடும்? இதை யோசிக்கும்போதுதான் எனக்கு ஒரு விஷயம் புரிஞ்சது. நாம விளையாட்டைத் தேர்ந்தெடுக்கிறோம்னு நினைக்கிறோம். நிஜத்துல இடம்தான் தேர்ந்தெடுக்குது. குரோக்கேவுக்கு 4 ஏக்கர் வேணும். கேரம் போர்டு ஆடுற பரப்பு 29 அங்குலத்துக்கு 29 அங்குலம். ஒரு பல்பு, நாலு ஸ்டூல், கொஞ்சம் போரிக் பவுடர். பாயைச் சுருட்டினா எந்த ஒண்டுக்குடித்தனத்துலயும் ஆடலாம். சந்து, திண்ணை, மீன் ஏலக் கொட்டாய், யூனியன் ஆபீஸ் மாடி எங்க வேணா போர்டு போடலாம். வடசென்னையில தெருவுக்குத் தெரு கேரம் கிளப் முளைச்சதுக்கு இதுதான் காரணம்னு நினைக்கிறேன்.

அந்த 29 அங்குலத்துலேர்ந்து நம்ம சென்னை உலகத்தையே ஜெயிச்சிருக்கு. மரிய இருதயம் 1991லயும் 1995லயும் உலக சாம்பியன், 1996ல் அர்ஜுனா விருது. 2024 நவம்பர்ல அமெரிக்காவுல நடந்த உலகக்கோப்பையில நம்ம வடசென்னைப் பொண்ணு காசிமா மூணு தங்கம் வாங்கிட்டு வந்தார். அப்பா ஆட்டோ ஓட்டுறவர். அன்னிக்கு எங்க கொட்டாய்ல ஆளுக்கொரு ஜாங்கிரி கொடுத்தோம்.

ஃபுட்பாலும் உண்டு. பக்கத்து வியாசர்பாடியில 1997ல் உள்ளூர்க்காரங்களே சேர்ந்து சேரிப் பசங்களுக்காக ஒரு விளையாட்டு அமைப்பை ஆரம்பிச்சு, முல்லை நகர்ல சீரழிஞ்சு கிடந்த இடத்தை மைதானமா ஆக்கினாங்க. இந்திய அணிக்கு ஆடின நந்தகுமார் வியாசர்பாடிப் பையன்தான். யாரும் இடம் கொடுக்கல, இவங்களே உண்டாக்கிக்கிட்டாங்க. வடசென்னையில மைதானம் பெரும்பாலும் அப்படித்தான் கிடைக்கும்.

*

எங்க கதையை முடிச்சிடறேன்.

மீன்பாடி வண்டி ரெண்டு தெரு தள்ளி ஒரு மெம்பர் வீட்டு மொட்டை மாடிக்குப் போச்சு. ஷீட் போட்டுத் தர்றேன்னு அவரே சொல்லியிருந்தார். நல்ல மனசு. இடமும் பரவாயில்லை, காத்து வருது. ஆனா மூணு பிரச்சினை உடனே தெரிஞ்சது.

ஒண்ணு, தெருவுல போற சின்னப் பசங்க இனிமே எட்டிப் பார்க்க முடியாது. நான் அப்படி எட்டிப் பார்த்துதான் உள்ள வந்தவன். அடுத்தவங்க வீட்டுப் படியேறி வர பத்து வயசுப் பையனுக்குத் தயக்கமா இருக்கும். ரெண்டு, அது ஒரு குடும்பம் இருக்கிற வீடு. ராத்திரி பத்து மணிக்கு ஸ்ட்ரைக்கர் சத்தம் அவங்க தலைக்கு மேல கேட்டா எத்தனை நாள் பொறுப்பாங்க? மூணாவதுதான் பெருசு. எங்க செக்ரட்டரி அண்ணனுக்கு முட்டி தேய்ஞ்சு போயிருக்கு. ஒரு மாடி ஏறவே மூச்சு வாங்குது, இது ரெண்டு மாடி. முப்பது வருஷமா கொட்டாய் சாவியை இடுப்புல வச்சிருந்த மனுஷன், முதல் நாள் போர்டு எல்லாம் மேல போற வரைக்கும் கீழயே நின்னுகிட்டு இருந்தார். "நீங்க ஆடுங்கப்பா, நான் சாயங்காலமா வர்றேன்"னார். சாயங்காலம் வரல. மறுநாளும் வரல.

மூணாம் நாள் நாங்களே ஒரு போர்டைத் தூக்கிட்டு அவர் வீட்டு வாசலுக்குப் போயிட்டோம். திட்டினார். திட்டிக்கிட்டே உக்காந்தார். முதல் அடியிலயே ரெட்டைப் போட்டு ஃபாலோவும் எடுத்துட்டார்.

அன்னிக்கு ராத்திரி நான் அவர்கிட்ட இந்தக் கதையெல்லாம் சொன்னேன். விம்பிள்டன், நவாப், பாரிமுனைத் தூண் எல்லாம். பொறுமையா கேட்டுட்டு, "அப்ப நம்மகிட்ட பேப்பர் இல்லாததுதான் குத்தம்ங்கிறியா?"ன்னார். ஆமாண்ணேன்னேன். முப்பது வருஷத்துல நாங்க ஒரு நோட்டுப் புக் கூட வச்சதில்ல. யார் மெம்பர்னு கேட்டா யாரு பவுடர் காசு கொடுக்கிறாங்களோ அவங்க மெம்பர். அவ்வளவுதான் சட்டம்.

இப்போ வேலையில இறங்கியிருக்கோம். தமிழ்நாட்டுல சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ல் வந்தது. அதுல பதிவு பண்ணப் போறோம். அப்புறம் தரைத்தளத்துல ஒரு ரூம் கேட்டு, எழுத்துல மனு கொடுக்கணும். கிடைக்குமான்னு தெரியாது. 1865ல் வெள்ளைக்காரன் கேட்ட மாதிரி ஒரே மனுவுல கிடைச்சிடும்னு நம்புற அளவுக்கு நாங்க வெள்ளந்தி இல்லை. ஆனா கேட்டதுக்கு ஒரு காகிதமாவது இருக்கட்டும். அந்த ரூம் யாரையும் கிளப்பிவிட்டுக் காலியானதா இருக்கக் கூடாதுன்னு அண்ணன் ஒரு நிபந்தனை போட்டிருக்கார். எழுதிக்கச் சொன்னார், எழுதிக்கிட்டேன்.

மினிட்ஸ் புக் ஒண்ணு வாங்கியாச்சு, நூறு பக்கம். முதல் பக்கத்துல இடம் மாறின தேதி, வந்தவங்க பேர், கொண்டு வந்த சாமான் லிஸ்ட். எழுதினது நான், கையெழுத்து போட்டது அண்ணன். சாமான் லிஸ்ட்ல போர்டு நாலுக்கும் அடையாளம் எழுதணுமேன்னு கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை: "ஜன்னல் போர்டு, நடு போர்டு, சுவர் போர்டு, வேப்பமர போர்டு."

புது இடம் மொட்டை மாடி. அங்க ஜன்னலும் இல்லை, சுவரும் இல்லை. வேப்பமரத்தை ஜேசிபி முதல் நாளே சாய்ச்சிடுச்சு. ஆனா நேத்து ராத்திரி கூட ஒரு பையன் மாடியிலேர்ந்து கத்தினான்: "அண்ணே, வேப்பமர போர்டு காலியா இருக்கு, வரியா?"

போனேன்.